பச்சை மட்டும் ஒட்டியவர்

சிவப்பு ஸ்டிக்கர் சுருளை அவர் கடைசிவரை பிரிக்கவே இல்லை. மேல் உறை கலையாமல், கடையில் ஒட்டிய விலைச்சீட்டோடு, மேசை இழுப்பறையில் கிடந்தது. மஞ்சள் சுருளில் ஏழெட்டு போயிருக்கும். அவையும் நான் ஒட்டி அவர் உரித்தவை. பச்சைச் சுருள் மட்டும் தீரத் தீர வாங்கினார். மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்ளும் சட்டைப் பையில் அவர் அதை வைத்திருந்தார்.

போன மாதம் டோபி காட் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். மற்றபடி அதே கசங்காத முழுக்கைச் சட்டை, அதே தலை நிமிர்வு. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பயந்து அல்ல. நேருக்கு நேர் வந்தால் என்னையறியாமல் பல்லைக் காட்டி, "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டுவிடுவேன். அந்த மனிதருக்கு ஒரு சிரிப்பைக் கொடுக்கக்கூட எனக்கு மனமில்லை.

சில வருடங்களுக்கு முன் குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக் ஒன்றின் இரண்டு லிஃப்டுகளையும் மாற்றும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. அவர் அதற்குத் திட்ட மேலாளர். நான் குடியிருப்பாளர்களோடு பேசுகிறவள். வீடு வீடாக ஏறி இறங்கி அறிவிப்பு ஒட்டுவது, தூசிக்கும் சத்தத்துக்கும் திட்டு வாங்குவது, சமாதானம் சொல்வது எல்லாம் என் வேலை. வருடத்துக்கு வருடம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

தினமும் காலை எட்டு மணிக்கு, புளோக்கை ஒட்டிப் போட்டிருந்த கொள்கலன் அலுவலகத்தில், ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நாங்கள் எல்லாரும் நிற்க வேண்டும். லிஃப்ட், மின்சாரம், சுவர் வேலை, குடியிருப்பாளர் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார். அவரவர் கட்டத்தில் அவரவர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சொன்னபடி நடக்கிறது என்றால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். நின்றுபோய்விட்டது என்றால் சிவப்பு. பலகை நல்ல பலகைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் நான் வேலை பார்த்த இடத்தில் இதே பலகை இருந்தது. அங்கே ஒருவர் சிவப்பு ஒட்டினால் நாலு பேர் அவரைச் சுற்றி நின்று, "என்ன ஆச்சு, நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நான் எதற்கு மூக்கை உறிஞ்சுகிறேன் என்று புரியாமல் பார்த்தார்கள்.

இவரிடம் நான் முதல் மஞ்சளை ஒட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாலாம் மாடியில் ஒரு வயதான அம்மாவுக்கு ஆஸ்துமா. எங்கள் தூசியில் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்திருந்தார். அந்த மாடிக்கு மறைப்பு போட வேண்டும் என்று சொல்லி மஞ்சள் ஒட்டினேன். மேலாளர் கோபப்படவில்லை. சிரித்தார். எல்லார் முன்னாலும் பலகைக்குப் போய், கட்டை விரல் நகத்தால் அந்த மஞ்சளை மெதுவாக உரித்து, உருட்டிக் குப்பையில் போட்டு, பையிலிருந்து ஒரு பச்சையை எடுத்து ஒட்டினார்.

"போர்டுங்கிறது டீமோட மூஞ்சி. மூஞ்சில அழுக்க ஒட்டிக்கிட்டு யாராச்சும் நிப்பாங்களா? ப்ராப்ளம் இருந்தா தனியா எங்கிட்ட வந்து சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

தனியாகப் போய்ச் சொன்னேன். பாத்துக்கிறேன் என்று மறுபடியும் சொன்னார். மறைப்பு வந்தபாடில்லை. நானே சுவர் வேலைக்காரர்களிடம் கெஞ்சி ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வாங்கிக் கட்டினேன். அது தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார். விரிப்பு கட்டியது அவருக்குக் குற்றமில்லை. அவரைக் கேட்காமல் இன்னொரு ஆளிடம் நேராகப் பேசியதுதான் குற்றம்.

அதுதான் அந்த மனிதர். கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் அவர் காதோடு நின்றுவிட வேண்டும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. "என்ன சைடு மீட்டிங்?" என்று சிரித்துக்கொண்டே வந்து நடுவில் நிற்பார். இத்தனைக்கும் வாரம் ஒரு முறையாவது 'டீம்வொர்க்' என்று வாய் கிழியப் பேசுவார். அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது.

லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு எங்களை அழைத்துப் போனார் ஒருநாள். யார் என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். எல்லாருக்கும் மீன் தலைக் கறி. வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, மீன் கெட்டுப்போயிருக்கிறது. எதிரில் இருந்தவர்கள் முகத்திலும் அது தெரிந்தது. அவர் ஒவ்வொருவராகப் பார்த்து, "எப்படி? பச்சைதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். "பச்சை சார்", "பச்சை சார்" என்று வரிசையாகச் சொன்னார்கள். என் முறை வந்தது. "மீன் கொஞ்சம் ஒரு மாதிரி வாடை அடிக்குது சார்" என்றேன்.

அவர் தன் இலையிலிருந்த பெரிய துண்டை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, முழுவதையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் அவர் உள்பட நாலு பேர் வயிற்றுப்போக்கால் வேலைக்கு வரவில்லை. பலகையில் அன்றைக்கும் எல்லாம் பச்சை. ஆள் இல்லாத கட்டங்களுக்கும் பச்சை. யாரோ ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒட்டச் சொல்லியிருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறவளாகிவிடுவேன். ஒவ்வொரு தொழிலாளியின் பிறந்தநாளும் அவருக்குத் தெரியும். கேக் வாங்கி வந்து, பாட்டுப் பாடி, தன் கையால் ஊட்டுவார். மழையில் யாராவது நனைந்து வந்தால் சொந்தத் துண்டைக் கொடுப்பார். "தங்கமான மனுசன்மா" என்று அவரைப் பற்றி என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவருக்கும் மேலே யாரோ உட்கார்ந்து அவரைப் பயமுறுத்தியிருக்கலாம் என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். இருக்கலாம். அதை நினைத்து இரக்கப்பட எனக்கு நேரமில்லை.

பதினோராம் மாடியில் சூசை அங்கிள் இருந்தார். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்திருந்தார்கள். கனத்த உடம்பு, இதயத்திலும் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஸ்டெல்லா. நான் முதல் முதலாக அறிவிப்போடு போனபோதே, மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"சர்ச்சுல அவ கையைப் பிடிச்சுக்கிட்டுப் பீடம் வரைக்கும் போகணும்மா. நடந்து போக முடியாது. அவ பக்கத்துல இந்தச் சேர்லயே உருட்டிக்கிட்டுப் போவேன். ப்ராக்டிஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன்லா" என்று சொல்லி, வீட்டுக்கு வெளியே நீண்ட நடைபாதையில் ஒரு கை சக்கரத்திலும் ஒரு கை காற்றிலுமாக உருட்டிக் காட்டினார். நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

திட்டம் இதுதான். முதலில் ஏ லிஃப்டை மாற்றுவது. அது ஓடத் தொடங்கியதும் பி லிஃப்டை நிறுத்துவது. புளோக்கில் எப்போதும் ஒரு லிஃப்டாவது ஓடும் என்று எல்லா வீட்டுக் கதவிலும் நானே ஒட்டியிருந்தேன். ஏ லிஃப்டுக்கு ஆய்வாளர் வரும் நாள் ஒரு திங்கட்கிழமை. ஸ்டெல்லாவின் கல்யாணம் அந்த வாரச் சனிக்கிழமை.

லிஃப்ட் வேலையைப் பார்த்தவன் குணா. ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக வந்து போகிறவன். மின்சார வேலையைப் பார்த்தவர் புதுக்கோட்டைக்காரர் முருகேசன். இரண்டு பேரும் தமிழர்கள். ஒரே சுவரில் சாய்ந்து, பத்தடி இடைவெளியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள். ஏ லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து புது மாதிரியில் வந்திருந்தது. அதற்கு இன்னும் தடிமனான கேபிள் வேண்டும். மூன்று வாரம் முன்பே குணா அதை மேலாளரிடம் சொல்லிவிட்டான். மறுநாள் மேலிடத்திலிருந்து பலகையைப் பார்க்க வருவதாக இருந்தது. "நான் முருகேசன்கிட்ட சொல்லிக்கிறேன், நீ பச்சை ஒட்டு" என்றார். முருகேசனிடம் சொல்லவில்லை. மறந்தாரா, மறைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முருகேசன் பழைய கேபிளையே இழுத்து முடித்து, தானும் பச்சை ஒட்டினார்.

ஆய்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் கோப்பிக் கடையில் குணா என் எதிரில் வந்து உட்கார்ந்தான். கோப்பியைத் தொடவில்லை.

"அக்கா, பெட்டியத் திறந்து பாத்தேன். பழைய கேபிள்தான் கிடக்கு. மண்டே பாஸாகாது."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஓடும் ஓடும், பயப்படாதேங்கறார். அதே மண்டே காலையில பி லிஃப்டையும் கழட்டச் சொல்லிட்டாரு. ஒரு நாள் மிச்சமாகுமாம்."

"முருகேசன் அண்ணன்கிட்ட நேரா சொல்லேன்."

"ஐயோ, சைடு மீட்டிங்னு என்னைய அனுப்பிடுவாரு அக்கா. நீங்க சொல்லுங்களேன்."

நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் என் ஒப்பந்தத் தாள் அவர் மேசைக்குப் போகிறது. அலுவலகத்துக்கு வந்து குடியிருப்பாளர் கட்டத்தில் பச்சையை ஒட்டினேன். பிறகு பதினோராம் மாடிக்குப் போனேன், பி லிஃப்டில்தான். சூசை அங்கிள் கதவில் கடைசி அறிவிப்பை ஒட்டினேன். திங்கள் முதல் ஏ லிஃப்டைப் பயன்படுத்தவும் என்று அதில் இருந்தது.

"நிச்சயமா ஓடுமாம்மா?" என்று கேட்டார்.

"ஓடும் அங்கிள்."

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு பி லிஃப்டின் கம்பிவடங்களைக் கழற்றினார்கள். இரண்டு மணிக்கு ஆய்வாளர் வந்தார். பெட்டியைத் திறந்தார், கேபிளைத் தொட்டுப் பார்த்தார், மூடினார். இதை ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படி வழியாக இறங்கிப் போனார். அந்த வேலையில் முதல் முறையாகக் குணாவும் முருகேசனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அப்போதுதான்.

"அண்ணே, தடிமன் கேபிள் வேணும்னு மூணு வாரம் முன்னாடியே சொன்னேனே."

"யாருகிட்டப்பா சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஆர்டர் போட்டிருப்பேன்ல?"

இருவரும் திரும்பி மேலாளரைப் பார்த்தார்கள். அவர் இருவர் தோளிலும் கை போட்டார்.

"யார் மேல தப்புங்கிறது இப்ப முக்கியமில்ல. டீமா யோசிப்போம்" என்றார்.

சரியான கேபிள் வர ஒன்பது நாள் ஆகும் என்று மாலையில் தெரிந்தது. கழற்றிய பி லிஃப்டைத் திரும்பப் பூட்டவும் வழியில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட்கூட இல்லை. அவர் அலுவலகத்துக்குள் போய், பலகையில் 'ஆய்வு' என்று இருந்த கட்டத்தை அழித்துவிட்டு 'மறு ஆய்வு' என்று எழுதி, அதற்குப் பச்சை ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை குணாவும் முருகேசனும் இன்னும் இரண்டு பேரும் சூசை அங்கிளை நாற்காலியோடு இறக்கிப் பார்த்தார்கள். பழைய புளோக், குறுகலான படி. முதல் திருப்பத்திலேயே சக்கரம் இடறி நாற்காலி சாய்ந்தது. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம், மேலயே விட்ருங்க" என்று அலறினார். ஆம்புலன்ஸ்காரர்களை அழைக்கலாம் என்று ஸ்டெல்லா கெஞ்சினாள். "பொணம் மாதிரி கட்டி இறக்கி, அப்புறம் உன் பக்கத்துல கோட்டு போட்டுக்கிட்டு உட்காரவா? நான் வரல" என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மேலாளர் ஒரு பழக்கூடை வாங்கினார். நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றையும் அதில் செருகினார். அதைத் தூக்கிக்கொண்டு பதினோரு மாடி ஏறியவள் நான். வேலை முடிந்தபின் அவர் எழுதிய அறிக்கையில் அந்தப் பழக்கூடை வந்தது, கேபிள் வரவில்லை. திட்டம் வெற்றி என்று பதிவானது. அவருக்குப் பதவி உயர்வு. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. அதையும் சேர்த்துத்தான் நான் அவரை வெறுக்கிறேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனாலும் போனேன். ஸ்டெல்லா வெள்ளைக் கவுனில் வாசலில் நின்றாள். சூசை அங்கிள் முழு சூட்டில், கழுத்துப்பட்டை கட்டி, ஒற்றைக் காலில் பளபளக்கிற சப்பாத்தோடு நாற்காலியில் இருந்தார். மகளின் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டார். போட்ட விரலை உடனே எடுக்கவில்லை. பிறகு அவளே அந்தக் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டுத் திரும்பினாள்.

பதினோரு மாடியும் அவள் நடந்து இறங்கினாள். பின்னால் நான் கவுனின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். என்ன தூக்கியும் படியெல்லாம் எங்கள் சிமென்ட் தூசி. ஏழாம் மாடிக்குள் ஓரம் சாம்பல் நிறமாகிவிட்டது. காரில் ஏறும்போது, "அக்கா, மேல அப்பா தனியா இருக்காரு" என்றாள்.

திரும்ப ஏறினேன். அவர் நடைபாதையில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் கைப்பிடிச் சுவர் கண்ணை மறைக்கும், கீழே எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண் எட்டிப் பார்த்து, கார் போய்விட்டது என்று அவரிடம் கையால் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலைன்னா லேட்டாகும்மா. நானும் கப்பல் பட்டறையில முப்பது வருசம் இருந்தவன்தான், எனக்குத் தெரியாதா?" என்றார். "போன வெள்ளிக்கிழமை யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பத்தான் பழைய லிஃப்ட் ஓடிக்கிட்டிருந்துச்சே. இறங்கி, உட்லண்ட்ஸ்ல தங்கச்சி வீட்ல போய் இருந்திருப்பேன். அங்கேருந்து டாக்சில நேரா சர்ச். அவ்வளவுதான்லா. பெரிய விஷயமே இல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ஆபீஸ்ல யாருக்கோ தெரிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை நீ வந்தப்ப உனக்குத் தெரியாதுல்லம்மா?"

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சிரிப்புக்கூட வந்தது.

"தெரியாது அங்கிள்."

"அதானே பாத்தேன்" என்றார் சூசை அங்கிள். "தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பியே." பிறகு என்னைத் தேற்றுவது போல என் கையைத் தட்டிக் கொடுத்தார்.